காய் முங்க்: டேனிஷ் போதகர் ஒருவரின் வாழ்வும் கொலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1944 ஜனவரி 5 அன்று காலையில், டென்மார்க்கின் சில்க்கபோர் நகருக்கு மேற்கே, ஹொர்பிலுண்ட என்னும் மேட்டுப்பகுதியில் சாலையோரப் பள்ளத்தில் ஒரு சடலம் கண்டெடுக்கப்பட்டது. அது நாட்டின் மறுகோடியில் வாழ்பவரும் பெயரறிந்திருந்த ஒரு நாடகாசிரியரின் உடல். அவர் ஒரு சிறிய கிராமச் சபையின் போதகராகவும் இருந்தவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்து டென்மார்க்கைப் பற்றி வாசிக்கத் தொடங்குபவர்கள் விரைவிலேயே அவருடைய பெயரைச் சந்திப்பார்கள். அப்போது எழும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தருகிறோம்.

காய் முங்க் யார்?

அவர் டென்மார்க்கின் லுத்தரன் திருச்சபையில் போதகராக இருந்தவர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் டேனிஷ் நாடகமேடையை ஆண்ட முதன்மையான நாடகாசிரியர்களுள் ஒருவர். செய்தித்தாள்களில் இடைவிடாமல் எழுதியவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதற்காக 1944 ஜனவரி 4 இரவில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45.

அவருடைய பிறப்பும் இளமையும் எப்படிப்பட்டவை?

டென்மார்க்கின் தென்பகுதியில் உள்ள லோலன் தீவின் மாரிபோ நகரில் 1898 ஜனவரி 13 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காய் ஹரால்ட் லைனிங்கர் பெட்டர்சன். தோல் தொழில் செய்துவந்த தந்தை, குழந்தைக்கு நினைவு தெரியும் முன்பே இறந்தார். ஐந்து வயதில் தாயையும் காசநோய்க்கு இழந்தார். தாய்வழி உறவினர்களான முங்க் தம்பதியர், ஓப்பகெர் என்ற அருகாமைக் கிராமத்தில் சிறு நிலம் வைத்துப் பயிர்செய்து வாழ்ந்தவர்கள், அவரைத் தத்தெடுத்தார்கள். உலகம் அறிந்த குடும்பப்பெயர் அவர்களுடையதே. பிள்ளையில்லாத அந்த எளிய வீட்டின் ஆழ்ந்த பக்தியும், வறுமைக்கு நடுவிலும் சிறுவனைப் படிக்கவைக்க வேண்டும் என்ற வளர்ப்புப் பெற்றோரின் உறுதியும் அவரை உருவாக்கின. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்று 1924இல் பட்டம் பெற்றார்.

வேதர்சோ கிராமத்துக்கு அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

பட்டம் பெற்ற அதே 1924ஆம் ஆண்டில், யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில், வடகடலின் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வேதர்சோ சபைக்குப் போதகராக நியமிக்கப்பட்டார். நாடக உலகம் முழுவதும் கோபன்ஹேகனில் இருந்தபோதும், புகழ் வந்த பிறகும், அவர் அந்தச் சபையை விட்டு வேறிடம் போகவில்லை. 1929இல் லீஸ என்பவரை மணந்தார்; அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். குருமனையில் கிடைத்த நேரமெல்லாம் எழுதினார். வயல்வெளிகளில் முயல் வேட்டைக்குப் போவதில் அவருக்குத் தீராத விருப்பம் இருந்தது. இருபது ஆண்டுகள் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் அந்த மக்களுக்கே செய்துவந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய கடைசி நாட்களில் நடந்தவற்றை அது இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

நாடகாசிரியராக அவர் எதற்காகப் போற்றப்பட்டார்?

பேராற்றல் படைத்த மனிதர்களை மேடையின் நடுவில் நிறுத்தி, அவர்களுடைய விருப்பம் கடவுளின் விருப்பத்தோடு மோதுவதைக் காட்டுவது அவருடைய பாணி. ஏரோது மன்னனைப் பற்றிய 'ஒரு இலட்சியவாதி' 1928இல் கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் அரங்கேறிப் படுதோல்வி அடைந்தது. விமர்சகர்கள் அதைக் கிழித்துப்போட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே அரங்கில் அதே நாடகம் பெருவெற்றி பெற்றது. இடையில் 1931இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியைப் பற்றிய 'கான்ட்' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது.

ஆனால் இன்றுவரை நிலைத்திருப்பது 'வார்த்தை' என்னும் நாடகம்தான். வேதர்சோவில் அவருடைய சபையைச் சேர்ந்த இளம் விவசாயி ஒருவரின் மனைவி பிரசவத்தில் இறந்ததே அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. அந்தத் துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல வேண்டிய இளம் போதகர், 1925இல் அந்த அனுபவத்தை நாடகமாக்கினார். வழிபாட்டு முறையில் பிளவுபட்ட இரண்டு பக்தியுள்ள குடும்பங்கள், தன்னை இயேசு என்றே எண்ணிக்கொள்ளும் சித்தம் கலங்கிய மகன், பிரசவத்தில் இறந்துபோகும் மருமகள் இங்கர், அவளைச் சவப்பெட்டியிலிருந்து எழுப்பும் அந்த மகனுடைய வார்த்தை என நாடகம் வளர்கிறது. அற்புதத்தை உருவகமாக்கித் தப்பிக்காமல் மேடையிலேயே நிகழ்த்திக் காட்டிய துணிச்சல் அது. 1932இல் அரங்கேறிய அந்த நாடகத்தை இயக்குநர் கார்ல் தியோடோர் டிரையர் பின்னாளில் படமாக்கினார். அந்தப் படத்துக்கு 1955இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்க விருது கிடைத்தது.

அவர் ஹிட்லரையும் முசோலினியையும் புகழ்ந்தார் என்பது உண்மையா?

உண்மை. இதை மறைத்தோ மழுப்பியோ அவரைப் பற்றி எழுதக் கூடாது. 1930களின் பெரும்பகுதியில் அவர் நாடாளுமன்ற ஆட்சிமுறையை இகழ்ந்து பேசினார். கட்சிகளின் பேரங்களும் வாக்குக் கணக்குகளும் ஒரு நாட்டைச் சிறுமைப்படுத்துகின்றன என்று நம்பினார். மக்களை ஒன்றுதிரட்டும் வலிய தலைவர் ஒருவரே தேவை என்று எழுதினார். முசோலினியிடம் அத்தகைய தலைவரைக் கண்டார். சிதறிக் கிடந்த ஜெர்மனியை ஒன்றாக்கியவர் என்று ஹிட்லரையும் வியந்தார். நாடகங்களில் அவர் படைத்த பேராற்றல் மனிதர்களை உண்மை உலகிலும் தேடியதன் விளைவு இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த விளக்கம் அவருடைய பொறுப்பைக் குறைப்பதில்லை. பெரும் வாசகர் கூட்டம் இருந்த ஒருவர் எழுதிய சொற்கள் அவை. அவற்றை நம்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

அவரைக் கொண்டாடுபவர்கள் சிலர் இந்தப் பகுதியை இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். வேறு சிலர் இதை மட்டுமே எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுகிறார்கள். இரு தரப்பும் அவருக்கு நியாயம் செய்வதில்லை. எதைப் புகழ்ந்தாரோ அதையே எதிர்த்து, அதுவும் ஊரறியப் பேசி, அதற்கான விலையைத் தம் உயிரால் கொடுத்தவர் என்பதே அவருடைய வாழ்க்கையின் மையம். முதல் பாதியை நீக்கிவிட்டால் இரண்டாம் பாதியின் கனம் தெரியாது.

அந்த மாற்றம் எப்போது, எதனால் ஏற்பட்டது?

அது ஒரே நாளில் நிகழவில்லை. முதலில் அவரை உலுக்கியது யூதர்கள் மீதான கொடுமை. 1938இல் அரங்கேறிய 'உலைக்கலனருகே அவர் அமர்ந்திருக்கிறார்' என்ற நாடகம் நாஜி ஜெர்மனியில் நடக்கிறது: தொல்லியல் பேராசிரியர் ஒருவர் கண்டெடுத்த உடைந்த மண்பாண்டத் துண்டுகளை ஒட்டிப் பார்க்கும்போது, இயேசுவின் முகம் யூத முகமாகத் தெரிகிறது, யூதர்களை வெறுக்கும் அரசு அந்தக் கண்டுபிடிப்பை என்ன செய்யும் என்பதே நாடகம். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்ட சில நாட்களுக்குள், யூலண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழில் முசோலினிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். யூதர்களைத் துன்புறுத்துவதை நிறுத்தும்படி ஹிட்லரிடம் எடுத்துச் சொல்லுமாறு அதில் வேண்டினார். அந்த மடலில் இரண்டு முங்க்குகளையும் சேர்த்தே பார்க்கலாம்: கொடுமை அவருக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் சர்வாதிகாரியிடம் நியாயம் கேட்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் மிச்சமிருந்தது.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை டென்மார்க்கினுள் நுழைந்தது. அதற்குப் பின்னும் சில மாதங்கள் அவருடைய பேச்சில் பழைய மயக்கம் முழுவதுமாக நீங்கிவிடவில்லை. பிறகு நீங்கியது, நீங்கியபின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது டென்மார்க்கின் நிலைமை என்ன?

படையெடுப்பு நடந்த அன்று காலையிலேயே, சில மணிநேர மோதலுக்குப் பின் டேனிஷ் அரசு பணிந்தது. அதற்கு ஈடாக மன்னரும் அமைச்சரவையும் நாடாளுமன்றமும் காவல்துறையும் அப்படியே தொடர ஜெர்மனி இடம்கொடுத்தது. போலந்தும் நார்வேயும் அனுபவித்ததை டென்மார்க் முதல் ஆண்டுகளில் அனுபவிக்கவில்லை. ஆனால் தன் விளைபொருளையும் உழைப்பையும் மௌனத்தையும் அது ஜெர்மனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1943 கோடையில் வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகின. நாசவேலையாளர்களுக்கு மரண தண்டனை உள்ளிட்ட ஜெர்மனியின் கோரிக்கைகளை அரசு மறுத்தது. ஆகஸ்ட் 29 அன்று ஜெர்மனி படையாட்சியை அறிவித்தது, டேனிஷ் அரசும் இயங்குவதை நிறுத்தியது. அந்த அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க முயற்சி நடந்தபோது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளிலும் பிற கலங்களிலும் நீரிணையைக் கடந்து சுவீடனுக்குத் தப்பினார்கள். முங்க்கின் உரத்த பேச்சுகளில் பலவும் இந்தப் பின்னணியில் ஒலித்தவை.

'நீல்ஸ் எபெசன்' நாடகம் ஏன் தடைசெய்யப்பட்டது?

1340ஆம் ஆண்டில் டென்மார்க்கின் பெரும்பகுதி ஹோல்ஸ்டைன் நாட்டு ஜெர்மானியக் கோமகன் மூன்றாம் கெர்ஹார்டின் பிடியில் இருந்தது. ராண்டர்ஸ் நகரில் தங்கியிருந்த கோமகனை நீல்ஸ் எபெசன் என்னும் டேனிஷ் பிரபு தம் ஆட்களுடன் உள்ளே புகுந்து கொன்றார். டேனிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை இது. முங்க் 1942இல் இதை நாடகமாக்கி வெளியிட்டபோது யாரை நினைத்து எழுதினார் என்று யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்நியப் படை, அதற்கு ஒத்துழைத்து அமைதியாக வாழ நினைக்கும் நல்லவர்கள், கடைசியில் வாளெடுக்க நேரும் ஒருவர் என அன்றைய டென்மார்க் முழுவதும் அதற்குள் இருந்தது.

நாடகத்தின் வலிமை வேறோரிடத்தில் இருக்கிறது. எபெசன் போர்வெறியர் அல்லர். நிலத்தையும் குடும்பத்தையும் நேசிக்கும், சண்டையைத் தவிர்க்கவே பாடுபடும் மனிதர். அவர் காத்திருக்கிறார், பொறுத்துப் பார்க்கிறார், தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். அந்தத் தயக்கத்தை முங்க் இகழாமல் எழுதியிருப்பதால்தான், தயங்கிக்கொண்டிருந்த ஒரு நாடு அதில் தன்னைக் கண்டது. நூல் தடைசெய்யப்பட்டது, படிகள் கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தன.

அவர் எதிர்ப்பு இயக்கத்தின் உறுப்பினரா? ஆயுதம் ஏந்தினாரா?

அவர் ரயில் பாதைகளைத் தகர்க்கவில்லை; பிரிட்டன் விமானங்கள் இறக்கிய ஆயுதங்களைச் சுமக்கவில்லை; எந்த நாசவேலைக் குழுவிலும் பெயர் பதியவில்லை. ஆயுதம் ஏந்திய 'ஹோல்கர் டான்ஸ்க', 'போப்பா' போன்ற குழுக்களின் வேலை வேறு, இவருடைய வேலை வேறு. ஆனால் அவருடைய பிரசங்கங்களும் கவிதைகளும் தலைமறைவு அச்சகங்களில் அச்சாகி நாடெங்கும் பரவின. தலைமறைவாக இருந்தவர்கள் புனைபெயரில் பேசிய காலத்தில், முகவரி தெரிந்த ஒரு மனிதர் தம் சொந்தப் பெயரில், தம் சொந்த ஆலயத்தில் நின்று பேசினார். எதிர்ப்பு என்பதைத் துப்பாக்கியால் மட்டும் அளப்பவர்களுக்கு இது சிறிதாகத் தெரியலாம். அவரைக் கொல்லப் பெர்லின்வரை முடிவெடுத்தவர்கள் அதைச் சிறிதாக எண்ணவில்லை.

பிரசங்க பீடத்திலிருந்து அவர் அப்படி என்னதான் சொன்னார்?

மூன்று நிகழ்வுகளைச் சொன்னால் போதும்.

முதலாவது, நார்வே பற்றியது. 1942இல் நார்வேயின் பேராயர்களும், பிறகு பெரும்பாலான போதகர்களும், நாஜி ஆதரவு அரசின் கீழ்ப் பணியாற்ற மறுத்துப் பதவி துறந்தார்கள். ஒஸ்லோ பேராயர் பெர்க்ராவ் காவலில் வைக்கப்பட்டார். டென்மார்க்கின் திருச்சபை அமைச்சகமோ, நார்வே திருச்சபையின் நிலைமை பற்றி ஆலயங்களில் பேச வேண்டாம் என்று போதகர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. முங்க் தாம் அதற்குக் கீழ்ப்படியப் போவதில்லை என்று அமைச்சகத்துக்கே எழுதினார். டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் உள்ள உறவு கெடுவதைவிட, டென்மார்க்குக்கும் ஆண்டவர் இயேசுவுக்கும் உள்ள உறவு கெடுவதே தமக்குப் பெரிய இழப்பு என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மீறுவது என்று முடிவுசெய்தவர், யாரை மீறுகிறாரோ அவருக்கே முன்கூட்டித் தெரிவித்துவிடுகிறார். அதுதான் முங்க்கின் இயல்பு.

இரண்டாவது, தலைநகரத்தில் நடந்தது. 1943 அக்டோபர் 3 அன்று, யூதர்களைத் துன்புறுத்துவது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரானது என்று கோபன்ஹேகன் பேராயர் ஃபுக்ல்சங்-டாம்கோர் முன்னின்று எழுதிய பேராயர்களின் கடிதம் டேனிஷ் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறான டிசம்பர் 5 அன்று, முங்க் கோபன்ஹேகன் பேராலயத்தில் பிரசங்கித்தார். அவர் வெளியிடங்களில் பேசுவதை ஜெர்மானியர்கள் விரும்பவில்லை என்பது தெரிந்தே ஏறினார். அநீதியைக் கண்டு மௌனமாக இருக்கும் திருச்சபை தன் ஆண்டவரை மறுதலிக்கிறது என்ற பொருளை அவர் அந்த ஆண்டு முழுவதும் பல இடங்களில் பேசியும் எழுதியும் வந்தார்.

மூன்றாவது, என் பார்வையில் மூன்றிலும் மிகக் கடினமானது. 1944 புத்தாண்டு நாள் ஆராதனைக்கு வேதர்சோ மக்கள் ஆலயத்தில் கூடியிருந்தார்கள். மேற்குக் கடற்கரை முழுவதும் ஜெர்மானியர்கள் கான்கிரீட் அரண்கள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூலி நன்றாகக் கிடைத்ததால் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களும் வேலைக்கும் வண்டியோட்டுவதற்கும் போய்க்கொண்டிருந்தார்கள். முங்க் அன்று போதகர் அங்கி அணியவில்லை. பிரசங்க பீடத்தில் ஏறவும் இல்லை. மேலங்கியோடும் கழுத்துத் துணியோடும் கீழேயே நின்று, தம் சபையார் எதிரிக்கு வேலை செய்யும்வரை தம்மால் அந்தப் பீடத்தில் ஏற முடியவில்லை என்று சொல்லிப் பேசினார். இருபது ஆண்டுகள் கூடவே வாழ்ந்த மக்களின் முகத்துக்கு நேராக, அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த கையோடு, இதைச் சொல்வதற்குப் பெர்லினை எதிர்ப்பதைவிடக் கூடுதலான நெஞ்சுரம் வேண்டும். அவர் கொல்லப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பு நடந்தது இது.

ஆபத்து தெரிந்தும் அவர் ஏன் தப்பிச் செல்லவில்லை?

நண்பர்கள் எச்சரித்தார்கள், சுவீடனுக்கு அனுப்பிவைக்க வழி இருந்தது. அவர் மறுத்தார். தம் சபையை விட்டுப் போக ஒரு போதகருக்கு உரிமையில்லை என்று கருதினார். மற்றவர்களை அச்சப்படாமல் நிற்கச் சொல்லிவிட்டுத் தாம் ஓடிவிட்டால் சொன்னதெல்லாம் வீணாகிவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருந்த ஒருவர் எடுத்த முடிவு இது. அதன் சுமையைப் பிறகு நெடுங்காலம் தாங்கியவர் லீஸ முங்க். அவரைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

1944 ஜனவரி 4 இரவில் என்ன நடந்தது?

மாலை இருட்டிய பிறகு வேதர்சோ குருமனைக்கு ஒரு மோட்டார் வண்டி வந்தது. அதில் வந்தவர்கள் முங்க்கைக் கைதுசெய்வதாகச் சொன்னார்கள். அவர் மனைவியிடம் விடைபெற்று வண்டியில் ஏறினார். வண்டி யூட்லாந்தின் குறுக்கே கிழக்கு நோக்கி, சில்க்கபோர் செல்லும் சாலையில் விரைந்தது. ஊர் வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பு, காடடர்ந்த ஹொர்பிலுண்ட மேட்டில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். விசாரணையோ வழக்கோ தீர்ப்போ எதுவும் இல்லை.

உடலின் மேல் ஜெர்மன் மொழியில் ஒரு சீட்டு இருந்தது: பன்றியே, நீ ஜெர்மனிக்காகத்தானே வேலை செய்தாய் என்பது அதன் பொருள். டேனிஷ் எதிர்ப்பு இயக்கத்தினரே அவரைத் துரோகி என்று கொன்றதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட சீட்டு அது. ஒருவரும் நம்பவில்லை. ஒன்பது நாட்கள் கழிந்திருந்தால் அவருக்கு 46 வயது நிறைந்திருக்கும்.

அவரைக் கொன்றது யார்? உத்தரவு எங்கிருந்து வந்தது?

நேரடியான உத்தரவு ஹிட்லருடைய தலைமையிடத்திலிருந்து பிறந்த ஒரு கொள்கையின் விளைவு. 1943 டிசம்பர் 30 அன்று, டென்மார்க்கில் ஜெர்மனியின் அதிகாரப் பிரதிநிதியாக இருந்த வெர்னர் பெஸ்ட், படைத்தளபதி ஹானெக்கன், காவல் தலைவர் பாங்க்கே ஆகியோரை ஹிட்லர் அழைத்துப் பேசினார். நாசவேலையாளர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினால் அவர்கள் மக்களிடம் வீரர்களாகிவிடுகிறார்கள். ஆகவே வழக்கு வேண்டாம், பதிலுக்குப் பதில் இரகசியக் கொலைகள் செய்யுங்கள், யார் செய்தார்கள் என்று சொல்லாதீர்கள் என்பது அங்கே பிறந்த முடிவு. நாடறிந்த, மக்கள் மதிக்கும் டேனியர்கள் இலக்குகளாக வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

இந்த வேலைக்காக ஜெர்மனியிலிருந்து வந்த சிறு கூட்டத்துக்கு ஓட்டோ ஷ்வெர்ட் என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி தலைமை தாங்கினார். அவர் பூண்டிருந்த 'பீட்டர்' என்ற மாற்றுப்பெயரால் அது பீட்டர் குழு எனப்பட்டது; பிறகு டேனிஷ் நாஜிகளும் அதில் சேர்ந்தார்கள். அந்தக் குழுவின் கையால் முதலில் உயிரிழந்தவர்களுள் முங்க்கும் ஒருவர். போர் முடிவதற்குள் மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பலர் இவ்வாறே வீட்டு வாசலிலும் தெருவிலும் கொல்லப்பட்டார்கள். திரையரங்குகளும் நாளிதழ் அலுவலகங்களும் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டன.

கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா?

ஓரளவு. போருக்குப்பின் டேனிஷ் நீதிமன்றம் பீட்டர் குழுவினரை விசாரித்தது. டேனிஷ் உறுப்பினர்கள் சிலருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது; போர்க்காலக் குற்றங்களுக்காக டென்மார்க்கில் மொத்தம் 46 பேர் அவ்வாறு சுடப்பட்டார்கள். ஷ்வெர்ட்டுக்கு முதலில் விதிக்கப்பட்ட மரண தண்டனை மேல்முறையீட்டில் 24 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. 1953இலேயே அவர் விடுதலையானார். வெர்னர் பெஸ்டுக்கும் முதலில் மரண தண்டனை, பிறகு குறைப்பு, 1951இல் விடுதலை. ஏவப்பட்ட டேனியர்கள் உயிரை இழக்க, ஏவிய ஜெர்மானிய அதிகாரிகள் சில ஆண்டுகளில் வீடு திரும்பினார்கள். இதை வாசிக்கும்போது மனம் கசப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

கொலைச் செய்தியை நாடு எப்படி ஏற்றது?

தணிக்கை செய்யப்பட்ட செய்தித்தாள்களால் உண்மையை எழுத முடியவில்லை. தலைமறைவு இதழ்கள் எழுதின. கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் ஒரு காட்சியின்போது, முங்க்கின் சமகாலத்து நாடகாசிரியர் ஷெல் ஆபெல் பார்வையாளர்களிடையே எழுந்து நின்று, கொலையுண்ட தம் சக எழுத்தாளரை நினைவுகூருமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குப்பின் அவரும் தலைமறைவாக வேண்டியதாயிற்று. அரசியலில் ஆபெல் இடதுசாரிகளின் பக்கம் நின்றவர். முங்க்கின் பழைய கருத்துகளை ஏற்காதவர். அவர் எழுந்து நின்றது என்பது அதனால்தான் கூடுதல் பொருளுடையது.

ஜனவரி 8 அன்று வேதர்சோவில் அடக்கம் நடந்தது. ஆக்கிரமிப்பாளர்களின் கண்காணிப்பைப் பொருட்படுத்தாமல், குளிர்காலத்தின் நடுவில், பல ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்தச் சிறிய கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஆலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தக் கொலையால் எதிர்ப்பு அடங்கியதா?

இல்லை. அச்சுறுத்துவதற்காகச் செய்யப்பட்ட கொலை, அதுவரை ஒதுங்கியிருந்த பலரையும் பக்கம் தேர்ந்தெடுக்க வைத்தது. ஆயுதக் குழுக்களோடு தொடர்பில்லாத ஆலய மக்களுக்கும், ஊர்ப்புற விவசாயிகளுக்கும், ஒரு போதகரை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று பள்ளத்தில் போட்ட செயல் ஆக்கிரமிப்பின் முகத்தைக் காட்டிவிட்டது. 1944 கோடையில் கோபன்ஹேகனில் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. 1945 மே 5 அன்று நாடு விடுதலை பெறும்வரை எதிர்ப்பு வளர்ந்துகொண்டேதான் போனது.

அவரைத் தியாகி என்று அழைப்பது பொருந்துமா?

டேனிஷ் திருச்சபையிலும் வேறு சில லுத்தரன் சபைகளிலும் அவர் அப்படித்தான் நினைவுகூரப்படுகிறார். கொல்லப்பட வாய்ப்புண்டு என்று அறிந்தே தம் விசுவாசத்தின் பேரில் பேசிய ஒருவருக்கு அந்தச் சொல் பொருந்தும் என்பதே என் கருத்து. தியாகி என்றால் பிழையே செய்யாதவர் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் அவருடைய 1930களைக் கண்டு தடுமாறுகிறார்கள். அவர் எழுதிய பிழையான பக்கங்களும் அச்சில் இருக்கின்றன, அவற்றை மறுத்து அவர் எழுதியவையும் இருக்கின்றன. இரண்டையும் படித்துவிட்டு முடிவெடுக்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

இன்று அவருடைய நினைவிடங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். ஹொர்பிலுண்டவில், சாலையை ஒட்டிக் கொலை நடந்த இடத்தில் ஒரு சிலுவை நிற்கிறது. வேதர்சோவில் ஆலயத்தையும் கல்லறையையும் காணலாம். லீஸ முங்க் கணவரின் மறைவுக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்த குருமனை இப்போது காய் முங்க்கின் நினைவைப் போற்றும் இல்லமாக மக்களுக்குத் திறக்கப்பட்டுள்ளது. கோபன்ஹேகனுக்குப் போகிறவர்கள் ரிவாங்கனில் உள்ள நினைவுத் தோப்பையும் பார்க்க வேண்டும். ஜெர்மானியர்கள் எதிர்ப்பு இயக்கத்தினரைச் சுட்டுப் புதைத்த இடம் அது. அங்கே வரிசையாக இருக்கும் கல்லறைகளுக்கு அருகில் கல்லில் பொறித்திருக்கும் வரிகள் முங்க் எழுதியவை. மடிந்த பிள்ளைகளே, டென்மார்க்கின் மிக ஆழ்ந்த இருளில் ஒளிரும் ஒரு விடியலை ஏற்றினீர்கள் என்பது அவற்றின் பொருள். 1940 ஏப்ரல் 9 படையெடுப்பில் இறந்த டேனிஷ் படைவீரர்களுக்காக அவர் இயற்றிய கவிதையிலிருந்து எடுத்த வரிகள் அவை.

முதன்முறையாக அவரை வாசிப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'வார்த்தை'யிலிருந்து தொடங்கலாம், நாடகம் கிடைக்காவிட்டால் டிரையரின் படத்தைப் பார்க்கலாம். முங்க் பணியாற்றிய வேதர்சோ பகுதியிலேயே அது படமாக்கப்பட்டது என்பதால், அவர் நாள்தோறும் பார்த்த மணல்மேடுகளையும் பண்ணை வீடுகளையும் வானத்தையும் அதில் காணலாம். அடுத்து 'நீல்ஸ் எபெசன்'. அரசியல் எழுத்தையும் நாடகக் கலையையும் ஒன்றாகக் காண விரும்புபவர்களுக்கு அதுவே உகந்தது. 'ஒரு இலட்சியவாதி' கடினமானது, நீளமானது. மற்ற இரண்டையும் முடித்த பிறகு அதற்குப் போவது நல்லது.